எட்டுச் சில்லிங்கும் எழுத்தறிவும்

ஒரு பிள்ளையின் படிப்புக்கு விலை குறிக்க இயலுமா? இயலும் என்று 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசு முடிவு செய்தது. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றிலும் ஒரு பிள்ளை தேறினால் அதன் பள்ளிக்கு எட்டுச் சில்லிங் கிடைக்கும். ஒன்றில் தவறினால் இரண்டு சில்லிங் எட்டுப் பென்சு குறைக்கப்படும். மூன்றிலும் தவறிய பிள்ளையால் தேர்வின் வழியாகப் பள்ளிக்கு ஒரு காசும் வாராது. பள்ளிக்கு வரும் பணம் குறையின் ஆசிரியரின் சம்பளமும் பெரும்பாலும் உடன் குறையும். 'பேமெண்ட் பை ரிசல்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் வழங்கிய இம்முறையைத் தேர்ச்சி மானியம் என்று தமிழில் குறிக்கலாம். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளை இம்முறை ஆண்டது. கடல் கடந்து சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகளையும் அது தொட்டது. ஆசிரியரின் ஊக்கத்துக்கும் மாணவரின் கற்றலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆராய்வோர் இன்றும் இவ்வரலாற்றைத் தேடிச் செல்வதற்குக் காரணம் உண்டு.

இம்முறை ஒருவருடைய மனம்போன போக்கில் திடீரென்று முளைத்ததன்று. அதன் வேர்களுள் ஒன்றைக் காண வேண்டுமாயின் சென்னை எழும்பூருக்குச் செல்ல வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், படைவீரர்தம் பிள்ளைகளுக்காக அங்கு நடைபெற்ற ஆதரவில்லப் பள்ளியின் பொறுப்பை 1789ஆம் ஆண்டில் ஏற்றார். அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் புதியன செய்ய விரும்பாதவர்கள். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை ஒரு நாள் பெல் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் செய்யுமாறு கூறினார். ஆசிரியர் தட்டிக் கழித்தார். உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சிறிய பிள்ளைகளுக்கு அவன் வழியாகவே மணலெழுத்தைக் கற்பிக்கச் செய்தார். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது. பெல் 1797ஆம் ஆண்டில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகையதொரு முறையை இலண்டனில் நடத்தினார். ஒரே ஆசிரியர், அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளைகள் பலர், அவர்களுக்குக் கீழே சில நூறு பிள்ளைகள் என்பது அமைப்பு. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட மனமில்லாத ஒரு நாட்டுக்கு இது பெரிதும் உவப்பாக இருந்தது. திண்ணையில் சட்டாம்பிள்ளைக்கு மேலே இருந்த ஆசிரியர், மாலையில் ஒவ்வொரு பிள்ளையும் முறை சொல்லக் கேட்ட பின்னரே வீட்டுக்கு அனுப்புவார். கப்பலேறிச் சென்ற முறையில் அந்தக் கேட்டல் பின்தங்கிவிட்டது. மலிவு மட்டும் கரை சேர்ந்தது.

இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்கென்று முதன்முதல் பொருள் ஒதுக்கியது 1833ஆம் ஆண்டில். தொகை 20,000 பவுன். ஆறாண்டுகளுக்குப் பின் கல்விக்கெனத் தனிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. மான்செஸ்டர் நகரின் ஏழை மக்களிடையே மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் கே ஷட்டில்வர்த் அதன் முதற்செயலாளரானார். பள்ளி ஆய்வாளர் என்னும் பதவியும் அப்போதுதான் பிறந்தது. 1840ஆம் ஆண்டில் ஆய்வாளர்களுக்கு விடுத்த அறிவுரையில், அவர்கள் பள்ளிக்குச் செல்வது அடக்கியாள்வதற்காக அன்று, துணை செய்வதற்காகவே என்னும் கருத்துத் தெளிவாகப் பதிக்கப்பட்டிருந்தது. இவ்வறிவுரையை ஈண்டு நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த மாற்றம் எத்துணைப் பெரியது என்பது இதனோடு ஒப்பிட்டால்தான் விளங்கும்.

ஷட்டில்வர்த் சட்டாம்பிள்ளை முறையை நம்பவில்லை. எட்டு, பத்து வயதுச் சிறுவர்கள் கற்பிப்பது கற்பித்தலாகாது என்பது அவர் துணிபு. 1846ஆம் ஆண்டில் 'மாணவ ஆசிரியர்' திட்டத்தை அவர் கொண்டுவந்தார். பதின்மூன்று வயதில் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளை ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் பயிலும். அரசு அதற்கு உதவித்தொகை அளிக்கும். பயிற்சி முடிந்தபின் தகுதியுடையோர் ஆசிரியர் கல்லூரிக்குச் செல்வர். சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசே சம்பளத்தோடு ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுக்கும். முதுமையில் ஓய்வூதியம் பெறும் வாய்ப்பும் உண்டு. உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, கல்வியையே தொழிலாகக் கொண்டு மதிப்புடன் வாழலாம் என்னும் நம்பிக்கை முதன்முறையாகத் தோன்றியது. ஆசிரியப் பணிக்கு ஊக்கம் அளிப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு ஷட்டில்வர்த் தந்த விடை இது: பயிற்சி கொடு, நிலையான வாழ்வு கொடு, பிறகு நம்பு.

இதற்குச் செலவாயிற்று. கிரிமியாப் போரின் கடன்சுமையும் சேர்ந்த வேளையில், கல்வி மானியம் எட்டு இலட்சம் பவுனைத் தாண்டியது. போருக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேளாதவர்கள் பள்ளிக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்டார்கள் என்பது வரலாற்றில் புதிதன்று. 1858ஆம் ஆண்டில் நியூகாசில் கோமகனின் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. நல்ல கல்வி, அதே வேளையில் மலிவான கல்வி, எல்லார்க்கும் கிடைக்க வழி யாது என்பதே அதற்கு இடப்பட்ட பணி. 1861ஆம் ஆண்டு அறிக்கை வெளிவந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே நல்ல கல்வி பெறுகின்றனர் என்றும், ஆசிரியர்கள் மேல்வகுப்புப் பிள்ளைகளைப் பேணிக் கீழ்வகுப்பினரைக் கைவிடுகின்றனர் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. இக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. படிப்பு வரும் பிள்ளையிடம் ஆசிரியரின் நெஞ்சம் சாய்வதும், பின்தங்கிய பிள்ளை கடைசி வரிசையில் மறக்கப்படுவதும் எந்நாட்டுப் பள்ளியிலும் காணக்கூடியவையே.

அந்நாளில் கல்விக் குழுவின் துணைத்தலைவராக, கல்வி அமைச்சரை ஒத்த பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் லோ. கூரிய அறிவினர், ஆக்ஸ்ஃபோர்டில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தவர், ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராகவும் அரசியலாளராகவும் இருந்து மீண்டவர். தடையில்லா வாணிபத்தில் அவருக்கு அளவற்ற பற்று. சந்தையில் பொருளின் தரத்தைப் பார்த்து விலை கொடுப்பதுபோல், பள்ளியிலும் விளைந்த படிப்பைப் பார்த்து விலை கொடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. புதிய முறை செலவு மிகுந்ததாக இருப்பின் பயனுடையதாக இருக்கும், பயனற்றதாக இருப்பின் செலவு குறைந்ததாக இருக்கும் என்னும் பொருள்பட அவர் நாடாளுமன்றத்தில் பேசியது பெயர்பெற்ற பேச்சு. கேட்பதற்கு நயமான வாதம். ஆனால், பயனற்ற பள்ளியில் பிள்ளை இழக்கும் ஆண்டுகளுக்கு அக்கணக்கில் இடமில்லை.

லோ கொண்டுவந்த 'திருத்திய விதித்தொகுப்பு' 1862ஆம் ஆண்டில் நிறைவேறியது. பிள்ளைகளின் சராசரி வருகைக்கு ஏற்பத் தலைக்கு நான்கு சில்லிங்; குறித்த அளவு வருகை உடைய பிள்ளை தேர்வில் தேறினால் மேலும் எட்டுச் சில்லிங். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேர்வு இல்லை. ஏனையோர்க்கு ஆறு நிலைகள் வகுக்கப்பட்டன. முதல்நிலைப் பிள்ளை, ஓரசைச் சொற்களால் ஆகிய சிறு கதையைப் படிக்கவேண்டும். ஆய்வாளர் சொல்லும் எழுத்துகளைப் பலகையில் எழுதவேண்டும். இருபது வரை எண்களை அறிந்திருக்கவேண்டும். ஆறாம்நிலைப் பிள்ளை செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படிக்கவும், சொல்வதைக் கேட்டு எழுதவும், கடைப்பட்டியல் கணக்குப் போடவும் தெரிந்திருக்கவேண்டும். ஒவ்வோராண்டும் ஒவ்வொரு பிள்ளையும் ஆய்வாளர்முன் தனித்தனியே நிற்கவேண்டும். ஒரு நிலையில் தேறிய பிள்ளைக்காக அதே நிலையில் மீண்டும் மானியம் பெற முடியாது. அரசு நேரே ஆசிரியருக்கு அளித்துவந்த தொகை நிறுத்தப்பட்டது. பணமனைத்தும் பள்ளி நிருவாகத்தினர் கைக்குச் செல்லும்; ஆசிரியரின் சம்பளத்தை அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஓய்வூதிய நம்பிக்கையும் போயிற்று.

ஆய்வு நாள் பள்ளியின் வாழ்வையே முடிவு செய்யும் நாளாயிற்று. ஆய்வாளர் வண்டியை விட்டு இறங்கும்போதே ஆசிரியரின் முகம் வெளிறும். உடல்நலமில்லாத பிள்ளைகளும் துணியால் போர்த்திக் கொண்டுவரப்பட்டதாக அக்காலத்துப் பதிவுகள் கூறுகின்றன; வாராத பிள்ளைக்குத் தேர்வுப்பணம் இல்லை அல்லவா? ஆண்டு முழுதும் ஒரே வாசகநூல் படிக்கப்பட்டமையால் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்துவிட்டனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தங்குதடையின்றிப் 'படித்த' பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் அக்காலத்தைப் பற்றி எழுதிய பலருடைய நூல்களிலும் இடம்பெற்றன. வரலாறு, நிலவியல், பாட்டு ஆகியவற்றுக்குப் பணமில்லை. ஆகவே நேரமும் இல்லாமற் போயிற்று. எளிதில் தேறக்கூடிய பிள்ளைக்கு மேலும் கற்பிப்பதால் ஆசிரியருக்குப் பயனில்லை. எவ்வளவு முயன்றும் தேறாது என்று தோன்றிய பிள்ளைக்காக உழைப்பதிலும் பயனில்லை. விளிம்பில் நிற்கும் பிள்ளைகளே பொன்விளையும் நிலமாயினர்.

இவற்றையெல்லாம் நேரில் கண்டு எழுதியவருள் தலையாயவர் மாத்யூ ஆர்னால்ட். கவிஞராகவும் திறனாய்வாளராகவும் தமிழ் மாணவர்கள் அறிந்த அப்பெரியார், 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராய் அலைந்தவர். திருமணம் செய்துகொள்ள நிலையான வருவாய் வேண்டியே இவ்வேலையை அவர் ஏற்றார். விதித்தொகுப்பு விவாதத்தில் இருந்தபோதே, 1862ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், தம் பெயரைக் குறிக்காமல் இதழொன்றில் அதனை எதிர்த்துக் கட்டுரை வரைந்தார். தம்முடைய மேலதிகாரியின் திட்டத்தையே எதிர்த்து எழுதுவது அரசுப் பணியாளருக்கு எளிய செயலன்று. ஏழைப் பிள்ளைக்கு வீட்டில் புத்தகம் இல்லை. பேச்சிலே வளமான சொற்கள் இல்லை. அப்பிள்ளை படிக்கக் கற்பது பள்ளியின் அறிவுச் சூழல் முழுவதிலிருந்துமே அன்றி, படித்தல் என்னும் ஒரு பயிற்சியைத் தனியே பிரித்தெடுத்து உருப்போடுவதால் அன்று என்பது அவர் வாதத்தின் சாரம். மொழியாசிரியர்கள் இதனைத் தம் வகுப்பறையில் நாளும் உணர்ந்தவர்களே.

விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின் தாம் கண்டதை ஆர்னால்ட் ஆண்டறிக்கைகளில் எழுதினார். பள்ளிகளில் முன்பிருந்த உயிர்ப்பு ஒடுங்கிவிட்டது என்றார். வாசகநூலை நெட்டுருச் செய்து தேர்வில் தேறும் பிள்ளை வேறொரு நூலைக் கொடுத்தால் படிக்கத் திணறுவதைச் சுட்டிக்காட்டினார். விதியை அரசு இறுக்க இறுக்க, அதனைக் கடக்கும் உத்தியை ஆசிரியர் கண்டுகொள்வார். இவ்விளையாட்டில் இறுதியில் வெல்பவர் ஆசிரியரே என்றும் அவர் எழுதினார். பகடியாகத் தோன்றினும் அதில் ஆழ்ந்த துயரம் உண்டு. தம் கண்முன் இருக்கும் பிள்ளையிடம் செலுத்தவேண்டிய அறிவுத்திறனை ஆசிரியர் ஆய்வாளரை வெல்வதில் செலுத்தினார். ஆய்வாளரோ, துணை செய்யவந்தவர் என்னும் நிலையிலிருந்து வரி தண்டுபவர் நிலைக்கு இறங்கினார். ஒரு நாளில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்து, பட்டியலில் கோடிட்டுச் செல்லும் அவருக்கு, இந்தப் பிள்ளை ஏன் தவறிற்று என்று ஆசிரியரோடு அமர்ந்து பேச நேரம் ஏது? பேசினாலும் மனந்திறந்து கூற ஆசிரியருக்கு நெஞ்சம் வருமா? தேர்வு என்பது பிள்ளை அறிந்ததையும் அறியாததையும் காட்டும் விளக்கு. பணம் குறுக்கே வந்ததும், அறியாததை மறைப்பதே அனைவர்க்கும் நலமாயிற்று.

லோ நினைத்தவற்றுள் ஒன்று மட்டும் உடனே நிறைவேறியது. 1861ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,13,000 பவுனாக இருந்த மானியம் 1865ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6,37,000 பவுனாகக் குறைந்தது. மாணவ ஆசிரியராகச் சேர்வோர் தொகையும் குறைந்தது. ஷட்டில்வர்த் இருபது ஆண்டுகளாகக் கட்டியது கண்முன்னே சரிவதை அவர் வருத்தத்துடன் எதிர்த்து எழுதினார். லோ அந்தப் பதவியில் நீடிக்கவில்லை. ஆய்வாளர்களின் அறிக்கைகளில் வேண்டாத பகுதிகள் வெட்டப்படுகின்றன என்னும் குற்றச்சாட்டை நாடாளுமன்றம் ஏற்கவே, 1864ஆம் ஆண்டில் அவர் விலகினார். பிள்ளைகளின் தேர்வைக் கொண்டு பள்ளிகளின் உண்மை நிலையை அறியப் புறப்பட்ட துறை, தன் சொந்த ஆய்வாளர்கள் எழுதிய உண்மையைத் தாங்க இயலாமற் போனது. பின்னர் அவர் நிதியமைச்சரானார் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. அவருக்குப் பொருத்தமான இடம் அதுவே போலும்.

எனினும் லோவின் முறையால் ஒரு நன்மையும் விளையவில்லை என்று கூறுவது நடுநிலையாகாது. மறக்கப்பட்ட கடைசி வரிசைப் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறிற்று. வருகைப் பதிவு ஒழுங்குபட்டது. ஒவ்வொரு பிள்ளையும் எழுத்தும் எண்ணும் அறியவேண்டும் என்னும் எண்ணம் அரசின் கடமையாகப் பதிந்தது. ஆயின் அந்தப் பிள்ளையைப் பட்டியலில் கண்ட அரசு, அதனை வகுப்பில் காணும் ஆசிரியரைத் தளர வைத்தது.

1867 முதல் விதிகள் சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டன. வரலாறு, நிலவியல் முதலியவற்றுக்கும் மானியம் தரப்பட்டது. ஆனால் அவற்றுக்கும் தேர்வே அளவுகோலாகையால் நோய் பரவியதே தவிரத் தீரவில்லை. 1870ஆம் ஆண்டில் தோன்றிய தேசியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம், தேர்ச்சி மானியத்தை ஒழிப்பதைத் தன் தலையாய குறிக்கோள்களுள் ஒன்றாகக் கொண்டு போராடிற்று. 1890ஆம் ஆண்டு விதிகள் அம்முறையின் முதுகெலும்பை முறித்தன. சில ஆண்டுகளில் அது முற்றும் மறைந்தது. அம்முறையின்கீழ் ஆய்வாளராகப் பணி தொடங்கித் தலைமை ஆய்வாளராக உயர்ந்த எட்மண்ட் ஹோம்ஸ், ஓய்வுபெற்றபின் 1911ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். ஆணைக்குக் கீழ்ப்படிந்தே பழகிய ஆசிரியர், தம் மாணவரிடமும் கீழ்ப்படிதலையே எதிர்பார்க்கிறார்; விதி நீங்கிய பின்னும் அப்பழக்கம் நீங்கவில்லை என்பது அதன் கருத்து. மானியமுறை ஒரு தலைமுறை வாழ்ந்தது. அது பழக்கிய கற்பித்தல் முறை அதனினும் நீண்டு வாழ்ந்தது.

இங்கிலாந்தில் இப்போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே தேர்ச்சி மானியம் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறிவிட்டது. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் அளிக்கவேண்டும் என்னும் கொள்கையை 1854ஆம் ஆண்டுக் கல்வி ஆணை இந்தியாவில் நிறுவியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1860களின் இறுதியிலிருந்து தேர்ச்சியை அளவாகக் கொண்டு மானியம் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. திண்ணைப் பள்ளிகளை அரசின் வரம்புக்குள் கொண்டுவரும் கருவியாகவும் அது ஆயிற்று. இலங்கையிலும் ஜலசந்திக் குடியேற்றங்களிலும் உதவிபெறும் பள்ளிகள் இதே அளவுகோலுக்கு உட்பட்டன.

திண்ணைப் பள்ளியின் பொருளியலை எண்ணிப் பார்த்தால் இம்மாற்றத்தின் தன்மை விளங்கும். திண்ணை ஆசிரியர் ஊராருக்குக் கட்டுப்பட்டவர். பிள்ளையின் பெற்றோர் தரும் காசும் நெல்லும் திருநாட்களில் கிடைக்கும் துணியும் அவர் வருவாய். பிள்ளை மணலில் எழுதத் தொடங்கி, ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் ஒப்பிக்கும்வரை ஊரே அதன் வளர்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும். அங்கும் மனப்பாடம்தான், அங்கும் அடிதான். அதனைப் பொற்காலமாகப் பாடவேண்டியதில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் இடம் இருந்ததில்லை என்பதையும் மறத்தல் கூடாது. ஆனால் ஆசிரியர் யாருக்குக் கணக்குக் காட்டினார் என்பது முதன்மையானது. தேர்ச்சி மானியம் வந்தபின் அவர் அச்சுப் புத்தகம் வாங்கவும், வருகைப் பதிவேடு வைக்கவும், ஆண்டுக்கொரு முறை வரும் ஆய்வாளரை நோக்கிப் பிள்ளைகளைப் பழக்கவும் வேண்டியவரானார். 1882ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் ஆணையம், கல்லூரிகளுக்கு இம்முறை வேண்டா எனவும், தொடக்கப் பள்ளிகளுக்கு இதுவே பெரிதும் ஏற்றது எனவும் பரிந்துரைத்தது. உயர்ந்தோர் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஆகாத ஒன்று, எளியோர் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஆகும் என்று எவ்வாறு முடிவாயிற்று? இங்கிலாந்திலும் இதே கதைதான். ஈட்டனிலும் ஹாரோவிலும் எவரும் தலைக்கு எட்டுச் சில்லிங் எண்ணவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்சன் காலத்துக் கல்விச் சீர்திருத்தத்தோடு இந்தியாவிலும் தேர்ச்சி மானியம் கைவிடப்பட்டது.

இக்கதை இத்துடன் முடிந்ததென அனைவரும் எண்ணியிருந்தனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், பெரும்பாலான நாடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டனர், கற்கவில்லையே என்னும் கவலை எழுந்தபோது, லோவின் எண்ணம் புதிய உடையில் மீண்டது. இம்முறை அதனை ஆய்வு செய்து பார்த்தனர் என்பதே வேறுபாடு. கென்யாவின் மேற்குப் பகுதியில் 100 பள்ளிகளை எடுத்து, அவற்றுள் 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மாணவர் தேர்ச்சியை ஒட்டிப் பரிசுகள் அளித்துப் பார்த்தனர். 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் ஆசிரியரின் வருகை கூடவில்லை. கற்பிக்கும் முறை மாறவில்லை. தேர்வுக்கான தனிப்பயிற்சி மட்டும் கூடிற்று. பரிசு நின்றபின் உயர்வும் நிலைக்கவில்லை. ஆர்னால்ட் இதனைப் படித்திருப்பாராயின் வியந்திருக்க மாட்டார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2009ஆம் ஆண்டுத் தேர்வில் ஆசிரியர்களே விடைத்தாளைத் திருத்தியமை வெளிப்பட்டு, 2015ஆம் ஆண்டில் பதினொருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதனை மறைத்தல் ஆய்வு நெறியன்று. ஆந்திர மாநிலத்தின் ஊர்ப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் 2005ஆம் ஆண்டு முதல் நடத்திய பேராய்வில், மாணவரின் முன்னேற்றத்தை ஒட்டி ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அதன் அளவு ஆண்டுச் சம்பளத்தில் சராசரியாக நூற்றுக்கு மூன்று. இரண்டாண்டுகளில் கணக்கிலும் மொழியிலும் அப்பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். ஊக்கத்தொகை இல்லாத அறிவியல், சமூகவியல் பாடங்களிலும் முன்னேறினர். ஆசிரியர்கள் வீட்டுப்பாடம் கூடுதலாகக் கொடுத்தனர். பள்ளி நேரத்துக்குப் பின்னும் கற்பித்தனர். ஏன் இந்த வேறுபாடு? லோ ஒரு கோட்டைக் கீறி, தாண்டினால் காசு என்றார். ஆந்திர ஆய்வில், பிள்ளை சென்ற ஆண்டு எங்கு நின்றது, இவ்வாண்டு எவ்வளவு நகர்ந்தது என்பதே கணக்கு. ஆகவே கோட்டுக்கு மிகவும் கீழே நிற்கும் பிள்ளையின் சிறு நகர்வும் வீணாகவில்லை. மேலும், அவ்வாசிரியர்களின் நிலையான சம்பளத்தில் எவரும் கைவைக்கவில்லை. 1862இன் ஆசிரியருக்கோ அடிவயிற்றிலேயே கைவைத்தனர்.

பணத்தைத் தொடாமல், அளவிடுதலையே வேறுவகையில் பயன்படுத்திய முயற்சிகளே இவ்வாராய்ச்சிகளுள் பெரிதும் கவனிக்கத்தக்கவை. பிரதம் என்னும் அமைப்பு மும்பையிலும் வடோதராவிலும் 2001ஆம் ஆண்டு முதல் நடத்திய திட்டத்தில், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அப்பகுதியில் வாழும் இளம்பெண்கள் கற்பித்தனர். பாலசகி என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். அவர்கள் பெற்ற பயிற்சி ஏறத்தாழ இரண்டு வாரம். பெற்ற ஊதியம் மிகச் சிறிது. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும் என்னும் நெருக்கடி அவர்களுக்கு இல்லை. பிள்ளைக்கு எழுத்துத் தெரியாதா, எழுத்திலிருந்து தொடங்குவர். சொல் தெரியாதா, சொல்லிலிருந்து. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் இதனை அளந்து பார்த்தபோது பிள்ளைகள் பெற்ற முன்னேற்றம் பெரிதாக இருந்தது. அவ்விருவரும், கென்ய ஆய்வில் பங்குகொண்ட மைக்கேல் கிரெமரும் 2019ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

அதே அமைப்பின் துணையோடு 2005ஆம் ஆண்டு தொடங்கிய கணக்கெடுப்பில், தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமரவைத்து, சிறு பத்தி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்வர். 2018ஆம் ஆண்டில் இந்திய ஊர்ப்புறங்களின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவராய் இருந்தனர். காட்சி 1863இல் கண்டதே: ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, இடையே ஒரு தாள். ஆனால் இங்குப் பிள்ளை திணறினால் எவர் சம்பளமும் குறையாது. ஆகவே எவரும் அதன் காதில் விடையை ஓதவில்லை.

கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தன. பிள்ளைகள் மறந்தவை மிகுதி. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மாநில அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலைதோறும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தனர். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வொன்று, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டது. தன்னார்வலரின் ஆயிரம் ரூபாய் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணோடும் பிணைக்கப்படவில்லை. வகுப்புகள் நடந்த இடங்கள் பலவகை: கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், மரத்தடி, சில ஊர்களில் வீட்டுத் திண்ணை.